உளி பிடித்த பிறகு புரிந்த ஜப்பானிய அச்சு வரலாறு

கலை வரலாற்றுத் தாளுக்காக ஜப்பானிய மரக்கட்டை அச்சை மூன்று முறை மனப்பாடம் செய்தேன். மொரோனொபு, ஹருனொபு, உதமாரோ, ஷராக்கு, ஹொகுசாய், ஹிரோஷிகே என்று ஓவியர்களின் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து, "எந்தக் காலத்தது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பேனா நகரவில்லை. அந்தத் தாளில் தோற்றேன். மறுதேர்வுக்கு முன் எனக்குக் கைகொடுத்ததை, இப்போது படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நீங்களே ஒரு பலகை செதுக்கிப் பாருங்கள். இரண்டு வண்ணம் போதும். ஜப்பானியர்கள் மலைச்செர்ரி மரத்தில் செதுக்கினார்கள். நான் ஒட்டுப்பலகையில் ஒரு பூ செதுக்கினேன். கோட்டுக்கு ஒரு பலகை, சிவப்புக்கு ஒரு பலகை. அச்சிடும்போது தாள் ஒரு நூலளவு நகர்ந்தது, சிவப்பு இதழைத் தாண்டி வழிந்தது. பத்துத் தாளும் வீண். அன்றுதான் 'கென்தோ' என்ற சொல் உயிர்பெற்றது. பலகையின் கீழ் வலது மூலையில் 'ட'வைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரு வெட்டு, சற்று இடப்புறம் நேராக இன்னொரு வெட்டு. தாளின் விளிம்பை அவற்றில் பொருத்தினால், எத்தனை பலகை மாற்றினாலும் வண்ணம் இடம் மாறாது. 1765-இல் எதோ (இன்றைய டோக்கியோ) நகரின் ரசிகர்கள் படநாட்காட்டிகளைப் பரிமாறிக்கொண்டபோது, ஹருனொபுவின் பல வண்ண 'நிஷிகி-எ' பிறந்ததற்கு இந்தச் சின்ன வெட்டுகளும் காரணம். ஆண்டு தானாக மனதில் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது, மூல ஓவியம் எங்கே என்ற கேள்வி. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்ததைப் பலகைமேல் குப்புற ஒட்டி, அதோடு சேர்த்தே செதுக்குவார்கள். ஓவியம் அங்கேயே அழிந்துவிடும். பதிப்பாளர் பணம் போடுவார். ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் மூவரும் அவருக்காக வேலை செய்வார்கள். ஓவியரை மட்டும் புகழ்ந்து எழுதும் விடை பாதி விடைதான்.

காலம் கணிக்க நீலத்தைப் பாருங்கள். ஹொகுசாயின் 'பேரலை' படத்தில் உள்ள பிரஷ்யன் நீலம் 1830-ஐ ஒட்டித்தான் இந்த அச்சுகளில் பரவியது. தணிக்கை முத்திரையும் உதவும்: 1790-களிலிருந்து 1840-களின் தொடக்கம் வரை 'கிவாமே' என்ற சிறு வட்டம், 1852 முதல் ஆண்டுக்குரிய விலங்கின் பெயரைக் கொண்ட முத்திரை. மின்னும் அப்பிரகப் பின்னணியில் நடிகரின் பெரிய முகம் என்றால் ஷராக்குவை நினையுங்கள். அவர் படங்கள் வெளிவந்தது 1794-95-இல் சுமார் பத்தே மாதம்.

தொடக்கத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். 764 முதல் 770 வரை பேரரசி ஷோதொகு பத்து லட்சம் சிறு மரக்கோபுரங்களுக்குள் வைக்கச் செய்த அச்சு மந்திரச் சுருள்களைக் குறிப்பிடுங்கள். அவை மரத்தில் அச்சானவையா, உலோகத்திலா என்ற விவாதம் உண்டு. அதையும் ஒரு வரி சேருங்கள்.

மறுதேர்வில் வந்தது ஹிரோஷிகேயின் 1857-ஆம் ஆண்டுப் பாலத்து மழை. முப்பது ஆண்டுகள் கழித்து வான்கோ பிரதியெடுத்த அதே படம். ஒவ்வொரு மழைக்கோட்டுக்கும் இருபுறமும் மரத்தை நீக்கி, மயிரிழை மேட்டை மட்டும் விட்ட கையைப் பற்றி எழுதினேன். வானத்துக் கருமை கீழே வர வர மங்குவது, அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் மையைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தது என்று எழுதினேன். அந்த ஒரு படத்துக்கே இரண்டு பக்கம் ஓடியது.