19 கார்டுகளில் 17: ரொபெர்ட்டோ கிளெமென்டே சேகரிப்பு இதுவரை

போன சனிக்கிழமை 1963ஆம் வருடக் கார்டு தபாலில் வந்து சேர்ந்தது. எண் 540. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து டேப் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பிரித்தெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே இடது மூலை மழுங்கியிருக்கிறது. பின்பக்கம் யாரோ ஒரு பையன் அந்தக் காலத்தில் போட்ட பென்சில் கோடு. மற்றபடி முகம் தெளிவு, நிறம் மங்கவில்லை. இதோடு 17 ஆயிற்று. இன்னும் இரண்டுதான்.

நான் சேர்ப்பது ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் கார்டுகளை, அதாவது முன்னால் படமும் பின்னால் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட அட்டைகளை. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்கு 1955 முதல் 1972 வரை 18 சீசன்கள் ஆடிய ரொபெர்ட்டோ கிளெமென்டே. போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா ஊர்க்காரர். அவருக்கு வந்த கார்டுகள் ஏராளம். எல்லாவற்றையும் துரத்தினால் ஆயுள் போதாது, பணமும் போதாது. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: இப்படிக் கார்டுகள் அச்சிட்டு பாக்கெட்டில் விற்ற டாப்ஸ் நிறுவனம் 1955 முதல் 1973 வரை வருடத்துக்கு ஒன்றாக அவருக்குப் போட்ட முக்கியக் கார்டு மட்டும். அதாவது 19. நாலைந்து பேர் முகம் சேர்ந்து வரும் லீக் லீடர்ஸ் கார்டுகள் வேண்டாம், பிற்காலத்து மறுபதிப்புகளும் வேண்டாம்.

இது தொடங்கியது நாலு வருடத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பெரியவரின் வராந்தாவில். பிட்ஸ்பர்க்குக்கு நான் வேலைக்கு வந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. பேஸ்பால் ஓரளவு புரியும், அவ்வளவுதான். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்துக்குப் போய் கிளெமென்டே ஆடியதைப் பார்த்தவர். ஓக்லாண்ட் பகுதியில் அந்த மைதானத்தின் வெளிமதில் ஒரு துண்டு இன்றும் நிற்கிறது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னதும், எழுந்து உள்ளே போய் ஒரு ஷூ டப்பாவோடு வந்தார். அதில் அவரது சிறுவயதுக் கார்டுகள். வாய் நிறைய ரொபெர்ட்டோ, ரொபெர்ட்டோ என்று பேசிக்கொண்டே ஒரு கார்டை நீட்டினார். அதில் அச்சிட்டிருந்தது "பாப் கிளெமென்டே".

யார் இந்த பாப் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போது எங்களுக்குத் தெரியவில்லை, நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம்" என்றார்.

அந்த ஒரு கார்டு என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1955, 1956 இரண்டு வருடமும் கார்டில் ரொபெர்ட்டோ என்றே இருக்கிறது. 1957இல் திடீரென்று பாப், ராபர்ட் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அதிலிருந்து 1969 வரை 13 வருடம் பாப்தான். 1970இல் மறுபடி ரொபெர்ட்டோ. இந்த 13 வருடத்துக்குள் அவர் நாலு முறை லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி எடுத்திருக்கிறார், 1960இல் உலகத் தொடரை, அதாவது வருடக் கடைசி சாம்பியன் போட்டியை, வென்ற அணியில் இருந்திருக்கிறார், 1966இல் லீக்கின் மிக மதிப்புள்ள வீரர் விருது வாங்கியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் பெயரை அவர் சொல்கிறபடி அச்சடிக்க முடியவில்லை. பத்திரிகைகள் அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் எழுத்தில் போட்டுக் காட்டிய காலம் அது. அவர் தன்னை ரொபெர்ட்டோ என்று அழைப்பதையே விரும்பினார்.

என் பெயர் முத்துக்குமாரசாமி. ஊரில் இனிஷியல் ச. அப்பா பெயர் சண்முகம். இங்கே வந்தபோது பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர் ஆகிவிட்டது. பல் டாக்டரிடம் போனால் உள்ளேயிருந்து "மிஸ்டர் சண்முகம்" என்று கூப்பிடுவார்கள். முதல் வருடம் ஒவ்வொரு முறையும் அப்பா வந்து நிற்கிறாரோ என்று நெஞ்சு ஒரு நொடி நின்று போகும். அவர் காலமாகி ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. அலுவலகத்தில் நான் "கே". ஒரு எழுத்து. அதனால் அந்த பாப் கார்டு எனக்கு வெறும் அட்டையாகத் தெரியவில்லை.

வாங்கத் தொடங்கியது கடைசியிலிருந்து. 1973, எண் 50. புறநகரில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கார்டு ஷோவில் 45 டாலருக்குக் கிடைத்தது. பின்பக்கத்தைத் திருப்பினால் வாழ்நாள் ஹிட் (பந்தை அடித்து பேஸுக்குப் பத்திரமாகப் போய்ச் சேருவது) எண்ணிக்கை சரியாக 3000. முந்தைய வருடக் கணக்கு முடிந்தபோது அவரிடம் 2,882 இருந்தது. 1972இல் இன்னும் 118. செப்டம்பர் 30ஆம் தேதி, மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் ஒரு டபுள் (ஒரே அடியில் இரண்டாம் பேஸ் வரை போவது) அடித்து 3000ஐத் தொட்டார். அதற்கு முன் பத்துப் பேர் மட்டுமே தொட்ட எண் அது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 31 இரவு, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய விமானத்தில் தானே ஏறினார். முன்னால் அனுப்பிய பொருட்கள் மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் கூடவே போனார். விமானம் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வசந்தத்தில் பிள்ளைகள் பாக்கெட்டைப் பிரித்தபோது இந்தக் கார்டு கையில் வந்திருக்கும். 3000 என்று அச்சடித்த அந்த வரியை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்து 1972, அப்புறம் 1971. இந்த 1971 கார்டு சேகரிப்பவர்களைப் படுத்தும் கார்டு. ஓரம் முழுக்கக் கறுப்பு. விளிம்பில் துளி மை உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் வெள்ளை அட்டை பளிச்சென்று தெரியும். நல்ல ஓரத்தோடு ஒன்று தேடி எட்டு மாதம் போனது. கடைசியில் ஓரம் உதிர்ந்த ஒன்றையே வாங்கினேன், முகம் சுத்தமாக இருந்ததால். அந்த வருடம்தான் பால்டிமோருக்கு எதிரான உலகத் தொடரில் ஏழு ஆட்டத்திலும் ஹிட் அடித்து .414 சராசரி எடுத்தார், பத்து வாய்ப்புக்கு நாலு ஹிட்டுக்கு மேல். வென்ற பிறகு டிவி மைக்கைப் பிடித்து முதலில் ஸ்பானிஷில் பேசினார், ஊரிலிருந்த அப்பா அம்மாவின் ஆசியைக் கேட்டு. அமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இதைப் படித்த அன்று கண் கலங்கிவிட்டது.

அறுபதுகளின் கார்டுகள் பெரும்பாலும் சிரமம் இல்லாமல் சேர்ந்தன. மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. 1962இல் மரப்பலகை மாதிரி ஓரம், அதுவும் உதிரும். 1968இல் சாக்குத்துணி மாதிரி. எனக்குப் பிடித்தது 1965. கீழே கொடி பறக்கிற வடிவமைப்பு.

தரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும். ஒரு மதிப்பெண் கூடினால் விலை இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. நான் 3, 4 போதும் என்று முடிவு செய்தேன். மூலை மழுங்கியிருக்கலாம், மடிப்புக்கோடுகூட இருக்கலாம், ஆனால் முகத்தின் மேல் கோடு போகக் கூடாது. ஒரு பையன் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த கார்டு என்று தெரிந்தால் எனக்கு அதில் கூடுதல் பிரியம்.

இரண்டு அடி வாங்கினேன். முதலாவது 1956, எண் 33. 1957இல்தான் டாப்ஸ் இன்றைய அளவுக்கு வந்தது: இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை. அதற்கு முந்தியவை அகலத்தில் எட்டில் ஒரு பங்கு அங்குலமும் உயரத்தில் கால் அங்குலமும் பெரியவை. இது தெரியாமல் வழக்கமான மெல்லிய பிளாஸ்டிக் உறையில், ஸ்லீவில், அதை நுழைத்தேன். பாதி போனதும் இறுக்கியது, கொஞ்சம் தள்ளினேன். கீழ் மூலை மடங்கிவிட்டது. 65 வருடம் பத்திரமாக இருந்த மூலை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய அளவுக்கென்றே ஸ்லீவ் தனியாக விற்கிறார்கள்; இந்த வரி யாருக்காவது ஒரு மூலையைக் காப்பாற்றினால் நல்லது.

இரண்டாவது 1957, எண் 76. முதல் பாப் கார்டு. ஒரு ஷோவில் உறையில்லாமல் 140 டாலருக்கு வாங்கினேன். நிலைமைக்கு விலை குறைவு, அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் 1964 கார்டின் மேல் வைத்துப் பார்த்தால் உயரம் இம்மியளவு குறைகிறது, ஒரு பக்க விளிம்பு மட்டும் புதிதாக வெட்டிய மாதிரி கூர்மை. மழுங்கிய ஓரத்தை யாரோ சீவியிருக்கிறார்கள். விற்றவரைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அதைத் தொகுப்பில் சேர்க்கவில்லை, மேஜை டிராயரில் கிடக்கிறது. அதற்குப் பிறகு சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடியும் சின்ன ஸ்கேலும் இல்லாமல் நான் ஷோவுக்குப் போவதில்லை. பூதக்கண்ணாடி மறுபதிப்பைக் கண்டுபிடிக்க. அசலில் பெயரின் எழுத்துகள் இடைவெளி இல்லாத ஒரே மைப்பூச்சாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும்.

1963 மட்டும் ஏன் இவ்வளவு தாமதம் என்றால், டாப்ஸ் அப்போது எல்லாக் கார்டையும் ஒரே நாளில் வெளியிடவில்லை. கோடை முழுக்கத் தவணை தவணையாக வரும். அந்த வருடத் தொகுப்பு 576 கார்டு, இவர் 540. அந்தக் கட்டம் கடைக்கு வரும்போது பிள்ளைகள் மனம் ஃபுட்பாலுக்குப் போயிருக்கும், கடைக்காரரும் அதிகம் வாங்கமாட்டார். அதனால் பின் எண்கள் குறைவாகவே புழங்குகின்றன. 260 டாலர் கொடுத்தேன். இந்தத் தொகுப்பில் நான் கொடுத்த உச்ச விலைகளில் ஒன்று.

நடுவில் ஒரு கோடையில் குடும்பத்தோடு கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். ஓய்வுக்குப் பின் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி 1973இலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வெண்கலப் பலகையில் பொறித்த பெயர் ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமென்டே. ஸ்பானிஷ் வழக்கப்படி அப்பாவின் குடும்பப்பெயர் முதலில், அம்மாவுடையது பிறகு. வாக்கர் அம்மா வழிப் பெயர். அமெரிக்க முறைப்படி அதை நடுப்பெயராக்கிவிட்டார்கள். 27 வருடம் அப்படியே இருந்து, 2000இல்தான் ரொபெர்ட்டோ கிளெமென்டே வாக்கர் என்று புதிதாக வார்த்து மாட்டினார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று என் மகளுக்கு இதை விளக்கினேன். எட்டு வயது. "நம்ம தாத்தா பேர் மாதிரியாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சரி, இப்போதைய நிலவரம். ஒன்பது பை வைத்த பக்கம் இரண்டு, பைண்டரில். முதல் பக்கம் 1957 முதல் 1965 வரை, எல்லாமே பாப். அதன் முதல் பை காலி. இரண்டாம் பக்கத்தில் நடு வரிசையில் 1969 கார்டு, வட்டத்துக்குள் பாப். அதன் வலப்பக்கம் 1970, சாம்பல் நிற ஓரத்தில் ரொபெர்ட்டோ. எதையும் திட்டமிடாமல் வருட வரிசைப்படி வைத்ததில் அந்த இரண்டும் அருகருகே வந்து உட்கார்ந்துவிட்டன. மிஞ்சிய ஒரு பையில் 1972இன் எண் 310, ஆட்டத்தின் நடுவே எடுத்த கூடுதல் கார்டு. வரம்புக்கு வெளியேதான், காலியாக விட மனம் வரவில்லை. 1956 தனியாக, தன் அளவு உறையில்.

அடுத்தது 1957, இந்த முறை பி.எஸ்.ஏ. உறையில் இருப்பதைத்தான் வாங்குவேன். அதன் பிறகு 1955, எண் 164. அவரது முதல் கார்டு. கிழிந்து மடங்கிய நிலையிலும் நம்பகமான ஒன்றை ஆயிரம் டாலருக்குக் கீழே நான் இன்னும் பார்க்கவில்லை. 1954 நவம்பரில் டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியிலிருந்து அவரை பைரட்ஸ் எடுத்த விலை 4,000 டாலர். இன்று நல்ல நிலையில் உள்ள அந்தக் கார்டு ஒன்றின் விலை அதைத் தாண்டிவிடுகிறது. மாதம் 60 டாலர் எடுத்துவைக்கிறேன். 1957க்குப் போனது போக, இரண்டரை வருடம் ஆகும் என்று கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை 1963 கார்டைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். பைண்டரின் முதல் தாளில் நான் கையால் எழுதி வைத்திருக்கும் பட்டியலையும் காட்டினேன்: வருடம், எண், நிலைமை, பெயர். அச்சில் எப்படி இருந்தாலும், பெயர் என்ற இடத்தில் 19 வரியிலும் ரொபெர்ட்டோ கிளெமென்டே என்றே எழுதியிருக்கிறேன். அவர் 1963க்கு நேரே விரலை வைத்து, பேனாவை வாங்கி, தானே ஒரு டிக் போட்டார்.