டெக்

மே 8, 2024. புதன்

இரவு 2.10. ஹாலில் மூன்று சத்தம். ஃபிரிட்ஜ் விட்டு விட்டு உறுமுகிறது. சுவர்க்கடிகாரம். மூன்றாவது, மச்சான் தன் ஆபீஸிலிருந்து டிவியில் படம் போட இரவல் கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. சீலிங் ஃபேன் ஓடினால் இந்த மூன்றும் காதில் விழாது. கத்திரி வெயிலில் திருச்சியே வெந்துகொண்டிருக்க, அம்மாவுக்கு மட்டும் குளிர்கிறது. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் நாகேஷ் ஓடி வந்து விழுகிறார். அம்மா சிரிக்கவில்லை.

"அது என்னடா, ஙொய்ங்னு?"

கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அது இல்லையாம்.

மே 9

அம்மா 98.4 ஃபாரன்ஹீட். பெட்டி 61 செல்சியஸ்.

மே 11, சனி

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆபீஸ் தூசு ஒரு கைப்பிடி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது, சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தேன். அம்மாவின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டால் மூச்சே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா அனுப்பிய ஹார்டு டிஸ்கிலிருந்து ஒரு படம் போட்டேன், இரண்டே நிமிடத்தில் மறுபடி ஙொய்ங்.

காரணம் பிடிபட ராத்திரி ஆகிவிட்டது. இது இன்டெலின் ஐ5-6500டி ப்ராசஸர், 2015ல் வந்த ஆறாம் தலைமுறை. எச்.264 முறையில் சுருக்கிய படம் என்றால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸே பிரித்துக் கொடுத்துவிடும். அதற்குப் பிந்திய எச்.265லும் நிறத்துக்கு 8 பிட் வரை சரி. 10 பிட் வந்தால் கையை விரித்துவிடுகிறது. அப்புறம் நான்கு கோரும் சேர்ந்து தலையால் தண்ணீர் குடிக்கின்றன. கோர் சூடானால் ஃபேன் சுற்றும். அக்காவின் டிஸ்கில் முக்கால்வாசி 10 பிட். ஏழாம் தலைமுறையில் இந்தக் குறை கிடையாது. ஒரே ஒரு வருஷம் பிந்திய பெட்டியாக மச்சானிடம் இருந்திருக்கக் கூடாதா.

அவனைச் சொல்லி என்ன. கேட்டதும் கொண்டுவந்து கொடுத்தான்.

மே 12, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து அக்கா. "எதுக்குடா இவ்வளவு பாடு? நெட்ல படம் வர்ற ஸ்டிக் ஒண்ணு வாங்கி டிவி பின்னாடி சொருகிவிடு. நாலாயிரத்துல முடிஞ்சுரும்."

சரிதான். டிவி 2014ல் வாங்கிய 32 அங்குலம், வெறும் ஃபுல் எச்டி. ஸ்டிக்கில் ஃபேனே கிடையாது. நெட் அடிக்கடி போகும் என்றேன். ஹார்டு டிஸ்க் சொருக இடமிருக்காது என்றேன். இரண்டும் பாதி உண்மை. அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

மே 13

அப்பா மாத்திரையை ஒரு மணி நேரம் பிந்திக் கொடுத்துவிட்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாராம். 2.20லேயே நிற்கிறது. என் தப்பு. பேட்டரியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

மே 14

இன்டெல் என்100 ப்ராசஸர். நான்கு கோர், 6 வாட். எங்கள் வீட்டு எல்இடி பல்பே 9 வாட். 10 பிட், அதைவிடப் புதிய ஏவி1 வீடியோ எல்லாவற்றையும் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்ளும். அஸ்ராக் கம்பெனியில் இதை வைத்து ஒரு போர்டு போடுகிறார்கள், 17க்கு 17 சென்டிமீட்டர். ப்ராசஸர் போர்டிலேயே ஒட்டியிருக்கும், மேலே சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய ஹீட்சிங்க் மட்டும். ஃபேன் இல்லை. மின்சாரத்துக்கு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் பெட்டி வேண்டாம், 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரை நேராகச் சொருகலாம். ஆக அந்த ஃபேனும் இல்லை. ராம் என் பழைய கம்ப்யூட்டரில் 8 ஜிபி சும்மா கிடக்கிறது, டிடிஆர்4தான். ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கினால் போதும். மொத்தம் பதினைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன்.

தாண்டினால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது வேறு.

ஒரே சந்தேகம் சார்ஜரின் முனை. வெளியே 5.5 மில்லிமீட்டர் சரி, உள்துளை 2.1ஆ 2.5ஆ? பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தளர்வாக உட்கார்ந்தால் பாதிப் படத்தில் அணைந்து போகும். பாதிப் படத்தில் அணையவே கூடாது.

மே 17, வெள்ளி

நேற்றிரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினேன். எழும்பூரில் இறங்கியபோது விடியவே இல்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கடை திறக்க பத்து மணியாவது ஆகும். அதுவரை டீக்கடை, பிளாட்பாரம், மறுபடி டீக்கடை. எட்டு மணிக்கு அப்பாவுக்கு போன். 98.2. இட்லி ஒன்று உள்ளே போனது, நின்றது.

ஷட்டர் ஒவ்வொன்றாக ஏறியது. அந்தத் தெருவில் மேலே பார்த்து நடக்க முடியாது, கீழே பார்த்தும் நடக்க முடியாது. எதிரே தள்ளுவண்டி, தோளில் மானிட்டர் சுமந்து வருபவர், காலடியில் கேபிள் குவியல். நான் கேட்ட போர்டு முதல் நான்கு கடைகளில் இல்லை. ஐந்தாவது கடைப் பையன், "ஃபேன் வெச்சதே தர்றேன் சார், அஞ்சு வருஷம் ஓடும்" என்றான். ஃபேன் இல்லாததுதான் வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கடைசியில் மாடியில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு முடியும் இடத்தில் கிடைத்தது. பெட்டி பிரிக்காதது. முனை 2.5. சார்ஜரை அங்கேயே சொருகிப் பார்த்தேன், இழுத்தால் வரவில்லை.

சாயங்காலம் பல்லவனில் திரும்பும்போது மடியில் வைத்திருந்தேன். மேலே வைக்க மனசில்லை. விழுப்புரம் தாண்டி அப்பா போன் செய்தார். ரிங் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. வரும்போது பால் வாங்கி வரவேண்டுமாம்.

மே 20, திங்கள்

மூன்றாவது கீமோ.

மே 21

கீமோவோடு டெக்ஸா என்ற ஸ்டீராய்டு போட்ட இரவு அம்மா தூங்க மாட்டாள். நானும் தரையில் உட்கார்ந்து போர்டைப் பிரித்தேன். "கழுத்துல போடற பதக்கம் மாதிரி இருக்கு" என்றாள், ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்து. விரல் நகங்கள் கறுத்திருக்கின்றன. நான் ராமைச் சொருகினேன்.

மே 22, புதன்

கேபினட்டுக்குத் தனியாகச் செலவு செய்வதாக இல்லை. அட்டைப் பெட்டியில் ஓட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா எதுவும் சொல்லாமல் ஏணியை எடுத்துப் போட்டார். பரணிலிருந்து டெக் இறங்கியது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக். அதற்கு முன்பெல்லாம் ஒரு ராத்திரிக்கு டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் வாடகைக்கு வரும், தெருவே எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் என்று அம்மா சொல்வாள். எனக்கு அதெல்லாம் லேசாகத்தான் நினைவு.

உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றினோம். ஹெட் டிரம்மை மட்டும் அப்பா துடைத்து ஷோகேஸில் வைத்தார். நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் அகலம், நல்ல தகரம், மூடியிலேயே காற்றுத் துளைகள். போர்டு ஒரு மூலையில், காலி மைதானத்தில் ஆடு மேய்வதுபோல் உட்கார்ந்தது. அப்பா பின்பக்கத் தகரத்தை வெட்டி போர்ட்டுகளுக்கு வழி செய்தார். பெல் பாய்லர் ஆலையில் 34 வருஷம். அவர் வெட்டிய இடத்தில் விரலை ஓட்டினால் பிசிறு கிடையாது.

மூடிபோட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். 71. ப்ராசஸர் 105 வரை தாங்கும், பயமில்லை. ஆனால் எண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அடியில ஓட்டை இருக்கா?" என்றார் அப்பா.

இல்லை.

"பாய்லரா இருந்தா என்ன, டெக்கா இருந்தா என்ன? மேல போற சூட்டுக்குக் கீழேருந்து காத்து வரணும்ல."

டிரில்லிங் மெஷின் சத்தம் அம்மாவுக்கு ஆகாது என்று மொட்டைமாடிக்குப் போய், ஹீட்சிங்குக்கு நேர் கீழே 24 துளை போட்டார். பல்லி புகாமல் இருக்க உள்பக்கம் கொசுவலைத் துண்டு. 58.

அம்மா 98.6.

மே 23

டெக்கின் 'ப்ளே' பட்டனிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து போர்டின் பவர் பின்னில் கொடுத்தேன். அமுக்கினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது. இதற்காக ஒரு முழு மதியம்.

மே 25, சனி

படம் போடுவதற்கென்றே உள்ள லிப்ரஎலெக் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். ஆன் செய்ததும் நேராக கோடி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் போய் நிற்கும், விண்டோஸ் தொல்லை இல்லை. அப்பா, "எத்தனை கோடி?" என்றார். இன்றைக்கு இரண்டாவது தடவை.

கோடி தானாகவே இணையத்தில் தேடிப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டும். அம்மாவின் பக்திப் படம் ஒன்றுக்கு ரத்தம் சொட்டும் வெளிநாட்டுப் பேய்ப் படத்தின் போஸ்டரை ஒட்டியது. அம்மா இத்தனை நாளில் முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தாள், சிரித்து இருமினாள். அப்புறம் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் நானே ஒரு படத்தை வைத்தேன். எழுத்தைப் படிக்கக் கண் கூசுகிறது என்கிறாள். முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வாள். டி.ஆர். மகாலிங்கம் ஒரு ஃபோல்டர், நாகேஷ் ஒரு ஃபோல்டர். உபன்யாசங்களுக்கு அம்மா கேட்டபடி கோபுரம்.

பேய்ப் படப் போஸ்டரை மட்டும் அழிக்கவில்லை.

மே 26

இரண்டு ரிமோட். ஒன்று டிவிக்கு, ஒன்று பெட்டிக்கு. டிவி ரிமோட்டாலேயே பெட்டியையும் இயக்க எச்டிஎம்ஐ கேபிளில் வழி உண்டு, ஆனால் கம்ப்யூட்டர் போர்டுகளில் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை. ராஸ்பெர்ரி பை என்ற கையகலச் சின்ன கம்ப்யூட்டர் போர்டில்கூட இருக்கிறது, இதில் இல்லை. கோபம் கோபமாக வந்தது. எதன் மேல் என்று தெரியவில்லை. ரத்த கவுன்ட் ரிப்போர்ட் வந்ததா என்று அப்பா கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

டிவி ரிமோட்டில் ஒலி, ஆன், ஆஃப் தவிர மீதி பட்டன்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.

மே 27

98.8. 55.

மே 28

99.4. சாப்பிட்டவுடன் பார்த்திருக்கக் கூடாது. அரை மணி கழித்து 99.1. அப்புறம் 99.4.

பெட்டியைப் பார்க்கவில்லை.

மே 29

100.6. 100.4க்கு மேல் போனால் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி 1.45. ஆட்டோ.

ஜூன் 2, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். ஆன்டிபயாடிக் நான்கு நாள், வெள்ளணு ஏற்றும் ஊசி. அம்மாவை ஐசியுவில் வைக்கவில்லை, தனி அறைதான். ஆனால் ஏதோ ஒரு மெஷின் இரவு முழுக்க எங்கோ பீப் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த அறை என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியை ஆன் செய்தேன். மகாலிங்கம் பாதி வாய் திறந்தபடி நிற்கிறார். அம்மா பாஸ் அமுக்கிவிட்டு எழுந்த அதே இடம். நான்கு நாள் அணையாமல் நின்றிருக்கிறது. இத்தனைக்கும் வியாழக்கிழமை தெருவில் இரண்டு மணி நேரம் கரன்ட் இல்லையாம், இன்வெர்ட்டர் தாங்கியிருக்கிறது. 46.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "ப்ளே பண்ணு" என்றாள்.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. டிவி அப்பா வசம். அம்மா 98.4.

ஜூன் 6

ஹார்டு டிஸ்க். எல்லாச் சத்தமும் போனபிறகு இது கேட்கிறது. டக், டக், ஒரு முனகல். கையில் தூக்கிப் பிடித்தால் இல்லை, வைத்தால் இருக்கிறது. டிவி ஸ்டாண்டு பிளைவுட், உள்ளே காலி, மிருதங்கம் மாதிரி வாங்கி எதிரொலிக்கிறது. டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஸ்பாஞ்ச் வைத்தேன், குறைந்தது. அப்பாவின் பழைய ஹவாய் செருப்பை நான்கு துண்டாக வெட்டி அடியில் வைத்தேன், நின்றது.

காதை மரத்தில் வைத்துக் கேட்டேன். நின்றுவிட்டது.

"டேய், போய்ப் படு" என்றாள் அம்மா. "நீ எனக்கும் ஜுரம் பாக்கறே, அதுக்கும் ஜுரம் பாக்கறே. எனக்காவது தெர்மாமீட்டர் வெச்சுட்டுப் போயிடறே. அது பக்கத்துலயே குந்தியிருக்கியே."

ஜூன் 10, திங்கள்

கவுன்ட் போதவில்லை. நான்காவது ஒரு வாரம் தள்ளிப்போகிறது. டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், இப்படி நடப்பதுதான் என்றார். அவர் சொன்ன விதத்தில் ஏதாவது இருந்ததா என்று பஸ்ஸில் அப்பாவும் நானும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம்.

மொத்தச் செலவு கணக்குப் போட்டேன். ரயில், டீ எல்லாம் சேர்த்து 14,870. மச்சான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 12

அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன். டெக்கைப் பார்த்ததும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ப்ளே பட்டன் இன்னும் அந்த ஓரத்துல தேஞ்சே இருக்கு" என்றாள். ஸ்டிக் பற்றிக் கேட்கவில்லை.

ஜூன் 15, சனி

பெட்டி சரியாக இருக்கிறது. செய்வதற்கு எதுவும் இல்லை.

போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் போய் கரன்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி மாற்றினேன். இன்வெர்ட்டர் இருக்கிறது, தேவையில்லை. இருந்தாலும்.

ஜூன் 17, திங்கள்

நான்காவது. கவுன்ட் ஏறியிருந்தது.

ஜூன் 18

இரவு 3.00. டெக்ஸா. ஃபிரிட்ஜ் மட்டும். அம்மா தானே ரிமோட்டை எடுத்து கோபுரத்தில் போய், வேண்டாம் என்று திரும்பி நாகேஷில் நின்றாள். வழியில் பேய்ப் படப் போஸ்டர் வந்தபோது ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

98.6. 49.

ஜூன் 20

அப்பா மறுபடி சுவரைப் பார்த்துவிட்டார். கடைக்குப் போகும்போது: கடிகாரத்துக்கு டபுள் ஏ ஒன்று, ரிமோட்டுக்கு ட்ரிபிள் ஏ இரண்டு, பால், வெளியே விற்கும் வெட்டிய பழம் வேண்டாம், முழுப் பழமாக, தோல் தடித்தது.