மஞ்சள் துணியும் மூன்று அளவைகளும்

"கடவுள் நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்பதே தவறு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம், நம் பழைய சமயவாதிகள் இப்படிப் பேசியதில்லையே என்றுதான் எனக்குத் தோன்றும். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என்ற பகுதியில், முதல் சூத்திரத்துக்கு முன்பே அளவைகளை, அதாவது ஒன்றை அறிவதற்கான வழிகளைப் பேசிவிடுகிறார். ஆறு என்றும் பத்து என்றும் பிறர் எண்ணுகிற அளவைகள் எல்லாம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (கண்டதை வைத்து ஊகிப்பது), உரை (நூலின் சொல்) ஆகிய மூன்றில் அடங்கும் என்கிறார். எதை ஆதாரமாகக் கொள்வது என்று தீர்த்துக்கொண்ட பிறகே அவருக்குக் கடவுளைப் பற்றிய பேச்சு.

மணிமேகலைக் காப்பியத்தில், நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி வஞ்சி நகரில் காட்சி ஒன்றே போதும் என்று வாதிடுகிறார். அவரிடம் மணிமேகலை, கருதலாகிய அனுமானத்தால் அன்றி உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். கூர்மையான கேள்விதான். ஆனால் பெற்றோர் யாரென்று ஊரில் நாலு பேரை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். கடவுளைப் பற்றி விசாரித்தால், ஒவ்வொரு சமயமும் தன் நூலையே சாட்சிக்கு அழைக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதே காப்பியத்தில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் காட்சியும் கருத்தளவும் (கருதலும்) போதும் என்று உரையைத் தனி அளவையாக ஏற்காமல் விட்டுவிடுகிறார். சண்டை முழுவதும் அந்த மூன்றாவது அளவையைப் பற்றியதுதான் என்பது என் எண்ணம்.

போன ஆண்டு அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, அம்மா ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் அடியில் வைத்தார். அப்பா பிழைத்து வந்தார். வேண்டுதல் பலித்தது என்று உறவினர்கள் சொன்னபோது, புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டும் அந்தப் பழைய பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியும் அப்படியே காசு முடிந்திருந்தார். அவர் கணவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். ஆக, கருதல் அளவையில் இந்த வேண்டுதல் நிற்காது.

இதை அம்மாவிடம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடக்கும்னு தெரிஞ்சா முடிஞ்சேன்? வேற என்ன செய்யறதுன்னு தெரியல, அதான் முடிஞ்சேன்" என்றார். அப்பாவுக்கு எட்டு மணி மாத்திரையை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தெரியும் என்று சொல்லாதவரிடம் ஆதாரம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தன் நூலே உண்மை, மற்றவர்களும் அதன்படி நடக்க வேண்டும் என்பவரிடம் கேட்கத்தான் வேண்டும். "நம்பிக்கை" என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள நம் மரபே இடம் தரவில்லை.

காணிக்கை செலுத்த அடுத்த மாதம் கோயிலுக்குப் போகிறோம். ரயில் டிக்கெட் எடுத்தது நான்தான்.