வெஸ்ட் கென்னட் மேட்டுக்குள்ள போயிட்டு வந்தாச்சு

இங்கிலாந்துல வில்ட்ஷயர் பக்கம் இருக்குற வெஸ்ட் கென்னட் லாங் பாரோவ, அதாவது கற்காலத்து நீளமான சமாதி மேட்ட, ஒருவழியா பாத்தாச்சுங்க. காரை ரோட்டோரம் விட்டுட்டு, குட்டி ஆத்தைத் தாண்டி வயலுக்கு நடுவுல மேடேறி நடக்கணும், டிக்கெட்டும் கிடையாது வாட்ச்மேனும் கிடையாது. தூரத்துலேர்ந்து சும்மா புல்லு மொளச்ச ஏரிக்கரை மாதிரிதான் தெரியும், ஆனா கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம், கட்டினது கிமு 3650 வாக்குல, எகிப்து பிரமிடுக்கே ஆயிரம் வருஷம் முன்னாடி!

வாசல்ல ஆளுயரத்துக்கு மேல பெரிய பெரிய கல்லா நட்டு மறைச்சிருக்கு, சைடுல புகுந்து போனா உள்ள அஞ்சு அறை. ஒரு கல்லுல மட்டும் வழவழன்னு இருக்கு, கல்கோடாலி தீட்டித் தீட்டி தேஞ்சதாம், அதுலேர்ந்து கையை எடுக்கவே மனசில்ல.

தோண்டினதுல குறைஞ்சது 36 பேரோட எலும்பு கிடைச்சிருக்கு. அத்தன பேரையும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள்ள வெச்சுட்டாங்கன்னு கார்பன் டேட்டிங் சொல்லுது, அப்புறம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல மண்ணு, பானை ஓடுன்னு போட்டு நிரப்பிட்டுதான் மூடியிருக்காங்க. புதைச்ச காலம் கொஞ்சம், நிரப்பின காலம்தான் ஜாஸ்தி, என்ன கேட்டா விஷயமே இதுதான்.

எதிர்லயே சில்பரி மேடு, இதுவும் அந்தக் காலத்து மனுஷங்க குவிச்சதுதான், சுமார் 30 மீட்டர் உயரம், அதுக்குள்ள இதுவரைக்கும் எந்த சமாதியும் சிக்கல, மேல ஏறவும் விடமாட்டாங்க. போறவங்க டார்ச் எடுத்துட்டுப் போங்க, மழை பேஞ்சிருந்தா ஷூவுக்கு நான் பொறுப்பில்ல.