கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

வருடத்தில் பத்து மாதம் நான் பெங்களூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். ஏப்ரல் வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மைசூர் சாலையில் ராமநகரம் பக்கம் போய்விடுவேன். அங்கே பாறைக் குன்றுகளுக்கு நடுவில் ஒரு கோடை முகாம் நடக்கிறது, ஒன்பது கோடையாக அதில் வேலை செய்கிறேன். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை உள்ள பிள்ளைகள், ஒரு தடவைக்கு முப்பது பேர், ஞாயிறு வந்து சனிக்கிழமை திரும்புவார்கள். பெரும்பாலும் சர்ஜாபூர், ஒயிட்ஃபீல்டு பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் எப்படியும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், நான் தமிழ் என்று தெரிந்த நிமிடமே என் பக்கம் வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதல் வேலை, போன்களை வாங்கிப் பெயர் எழுதிய துணிப் பைகளில் போட்டு ஆபீஸ் அலமாரியில் பூட்டுவது. போனில்லாமல் ஒரு வாரமா, அழமாட்டார்களா என்று ஊரில் எல்லாரும் என்னைக் கேட்பார்கள். கேம் போச்சே என்று அழுத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்குக் கையொடிந்த மாதிரி ஆவது வேறு இடத்தில். முதல் நாள் முழுக்கக் கேள்விகள்தான். ‘அக்கா, இந்தக் கல்லு மேல உக்காரலாமா?’ ‘அக்கா, தண்ணி குடிச்சிட்டு வரட்டா?’ ‘அக்கா, துண்டு ஈரமா இருக்கு, என்ன பண்றது?’ ஈரத் துண்டை வெயிலில் போட வேண்டும் என்று பத்து வயதில் தெரியாத பிள்ளை கிடையாது. தெரிந்ததை யாரையும் கேட்காமல் செய்யலாம் என்பதுதான் தெரியாது. ஒரு வருடம் ஒரு குழு கேட்ட கேள்விகளை நோட்டில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது, நான் சொன்னால்தான் தெரியும் என்கிற மாதிரி அதில் இருந்தவை நாலைந்துதான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் போனை நாம் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறோம், பிள்ளைக்கு அது அம்மாவின் முந்தானை. பள்ளிப் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் போன், பென்சில் பாக்ஸ் தொலைந்தால் போன், பக்கத்து வீட்டுப் பையன் அடித்தால் போன். மறுமுனையில் இருக்கிறவர் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவார், அதுவும் அன்பினால். அதனால் முகாமில் நாங்கள் போனை மட்டும் பூட்டினால் போதாது, அந்த மறுமுனை ஆள் வேலையை நானும் செய்யாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் கஷ்டம், ஒன்பது வருடத்தில் என் சம்பளத்துக்குரிய வேலை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் இரண்டு வருடம் எனக்கு இது வரவே இல்லை. கூடாரம் சரிந்தால் ஓடிப் போய்த் தூக்கிவிடுவேன், இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய் நிற்பேன். பிள்ளைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும், வெள்ளிக்கிழமை ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தார்களோ அப்படியேதான் சனிக்கிழமை வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது வருடம், காட்டு வழியில் திசைகாட்டியும் கையால் வரைந்த வரைபடமும் வைத்துக்கொண்டு போகிற நடை. ஆறு பேர், வழி இரண்டாகப் பிரிகிற இடம். நான் வாயைத் திறக்கவில்லை, முடிவை அவர்களே எடுக்கட்டும் என்று நின்றேன். அவர்கள் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி இடது பக்கம் ஒரு அடி வைத்து என்னைப் பார்த்தாள், அப்புறம் வலது பக்கம் வைத்துப் பார்த்தாள், என் கண்ணில் ஏதோ மாறியிருக்க வேண்டும், ‘இதுதான், வாங்க’ என்று வலது பக்கம் நடந்துவிட்டாள். சரியான வழிதான், அதைச் சொன்னது என் முகம். அன்றிலிருந்து பிரிவழிகளில் நான் பத்தடி பின்னால் போய்த் திரும்பி நின்று மரத்தைப் பார்ப்பேன். முதுகைப் படிக்க முடியாதில்லையா.

முகம் என்றதும் ஒரு ஆய்வு ஞாபகம் வருகிறது. கலிஃபோர்னியாவில் செய்தது, 2014இல் வெளிவந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாள் எந்தத் திரையும் இல்லாமல் இயற்கை முகாமில் இருந்தார்கள், அதே மாதிரி இன்னொரு 54 பேர் வழக்கம்போல வீட்டிலும் பள்ளியிலும் இருந்தார்கள். முன்னும் பின்னும் இரண்டு குழுவுக்கும் படங்களையும் சத்தமில்லாத காட்சிகளையும் காட்டி, இதில் இருப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று கேட்டார்கள், முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஐந்து நாள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் முகாமிலும் புதன்கிழமை வாக்கில் ஏதோ திரும்புவது கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகள் என் முகத்தை விட்டுவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

மழை ராத்திரி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் இங்கே மாம்பழ மழை வரும், பகலெல்லாம் பாறை கொதிக்கும், ராத்திரி திடீரென்று ஊற்றும். இடி மின்னல் இருந்தால் யோசனையே கிடையாது, எல்லாரையும் எழுப்பிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விடுவோம், அது எங்கள் கண்டிப்பான விதி. அன்றைக்கு இடி இல்லை, காற்றும் இல்லை, வெறும் மழை. இரண்டு மணி இருக்கும். நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, டார்ச்சை அணைத்துவிட்டு, கடைசிக் கூடாரத்துக்கு இருபதடி தள்ளி நின்றிருந்தேன். உள்ளே நாலு பெண்கள். அவர்கள் சாயங்காலம் வெளித்துணியின் ஒரு மூலைக் கயிற்றை ஷூ நாடா மாதிரி பூ முடிச்சுப் போட்டிருந்தார்கள், அது அவிழ்ந்து துணி தொங்கி, தண்ணீர் குடம் மாதிரி தேங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து முளையில் மாட்ட அரை நிமிடம் போதும். கை துடித்தது, கோட்டுப் பைக்குள் கையை விட்டு இறுக்கி வைத்துக்கொண்டேன்.

உள்ளே முதலில் அலறல், அப்புறம் ஒருத்தியின் அழுகை, ‘அக்காவக் கூப்பிடு, அக்காவக் கூப்பிடு’. என் பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்திருந்தால் போயிருப்பேன், அவர்களுக்கும் அது தெரியும். யாரோ ஒருத்தி, ‘இரு, முதல்ல பைய நடுவுல வை’ என்றாள். சத்தம் கொஞ்சம் அடங்கியது. ஜிப் திறந்தது. ஒல்லியான ஒரு பெண், மாரத்தஹள்ளியிலிருந்து வந்தவள், இரண்டு நாளாக வாயே திறக்காதவள், வெளியே வந்து தேங்கிய தண்ணீரைத் துணிக்கு அடியிலிருந்து முட்டித் தள்ளினாள், மொத்தமும் அவள் தலையிலேயே விழுந்தது. பின்னாலேயே இன்னொருத்தி வந்து கயிற்றைத் தேடினாள். முதல் தடவை கட்டியது அவிழ்ந்தது, இரண்டாவது தடவையும் அவிழ்ந்தது. லாரியில் பாரத்தை இறுக்கக் கயிற்றில் ஒரு வளையம் விட்டு அதற்குள் கோத்து இழுப்பார்களே, அந்த முடிச்சை அன்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவள் இருட்டில் முணுமுணுத்துக்கொண்டே விரலால் தடவித் தடவி அதைப் போட்டாள். துணி விறைத்து நின்றது. உள்ளேயிருந்து மற்ற இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்துக் கூடாரம் எழுந்துகொண்டது. நான் நனைந்தபடி நடந்து வந்துவிட்டேன். காலையில் சமையலறை வாசலில் எனக்கு முன்னால் அந்த நாலு பேரும் ஈரப் படுக்கைகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் என்னைக் கேட்கவில்லை.

இந்த முகாம் என்கிற ஏற்பாடு பழசு. 1861இல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைச் சுமார் 40 மைல் நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டார், உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த சமயம், பையன்களுக்கும் சிப்பாய் மாதிரி வெளியில் தங்க ஆசை. 1907இல், சாரணர் இயக்கத்தைப் பின்னால் ஆரம்பித்த பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சி தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து நடத்திய முகாமில் அவர்களை நாலு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாகப் போட்டார். எங்கள் முகாமிலும் அப்படித்தான், தினம் ஒரு பிள்ளை தலைவர். விறகு போதுமா, யார் தண்ணீர் கொண்டுவருவது, யாருக்கு வயிறு சரியில்லை, எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. நான் அந்தப் பிள்ளையிடம் மட்டும் பேசுவேன்.

ஆனால் எனக்கு முகாம் என்றால் அதெல்லாம் ஞாபகம் வருவதில்லை, வாணியம்பாடி பக்கத்தில் எங்கள் ஆயா வீடுதான் ஞாபகம் வரும். நான் வளர்ந்தது அல்சூரில். பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா ரயிலேற்றி ஜோலார்பேட்டையில் மாமா கையில் ஒப்படைப்பார், பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் திரும்பி வருவோம். ஆயாவுக்கு எட்டுப் பேரப்பிள்ளைகள், யாரையும் தனியாகக் கவனிக்க அவருக்கு நேரம் கிடையாது. கிணற்றுக் கயிறு அறுந்து வாளி விழுந்தால் நாங்களேதான் எடுக்க வேண்டும், நுங்கு வெட்டப் போய்க் கையைக் கீறிக்கொண்டால் நாங்களே துணியைச் சுற்றிக்கொண்டு வருவோம். இன்றைக்கு அந்த ஆயா வீடு பல பிள்ளைகளுக்கு இல்லை. முகாமுக்குக் காசு கொடுக்க முடிகிற வீட்டுக்குத்தான் இந்த ஒரு வாரமும் கிடைக்கிறது, இது என்னை உறுத்தும் விஷயம்தான். எங்கள் சமையல்காரம்மாவின் மகள் பக்கத்து ஊரில் ஐந்தாவது படிக்கிறாள், அம்மா வேலைக்கு வந்த பிறகு அடுப்பு மூட்டி ராகி முத்தே, அதாவது கேழ்வரகுக் களி, கிண்டித் தம்பிக்குப் போட்டுவிட்டு வருவாள். அவளுக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குத் தபால் அட்டை எழுதுகிற நாள். அஞ்சலகத்தில் ஐம்பது பைசாவுக்கு அட்டை இன்னும் கிடைக்கிறது என்றதும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். விஷயம் எழுதிவிடுவார்கள், முகவரியில்தான் எல்லாரும் நின்றுவிடுவார்கள். ‘அக்கா, லொகேஷன் ஷேர் பண்ணுவோம், அட்ரஸ் எதுக்கு?’ என்று ஒருவன் கேட்டான். அடுக்குமாடியின் பெயரும் வீட்டு எண்ணும் தெரியும், எந்த மெயின் ரோடு, எந்த கிராஸ் தெரு என்று தெரியாது. பின்கோடு பெரும்பாலும் 560இல் ஆரம்பிக்கும் என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லமாட்டேன். அப்போது நடப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவன் சாப்பாட்டு பார்சலில் ஒட்டியிருக்கும் சீட்டை ஞாபகப்படுத்திப் பார்ப்பான், ஒருத்தி தன் பையின் அடியில் பழைய மருந்துச் சீட்டைத் தேடிப் பிடிப்பாள், ஒரே பேட்டைக்காரர்கள் சேர்ந்து கடைகளை வைத்துத் தெருவை வரைவார்கள். சில அட்டைகள் போய்ச் சேராது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் ராத்திரியே காய்ச்சல் மாதிரி நடுங்கி அழுத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், அது தோல்வி என்றும் நினைக்கவில்லை, அடுத்த வருடம் வந்து ஆறு ராத்திரியும் இருந்தவர்கள் உண்டு.

போன ஏப்ரலில் ஒரு பையன், கண்ணாடி போட்டவன், பதினொரு வயது. அவனுக்குப் போன் இல்லாததில் ஒரே குறை, மணி தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ‘அக்கா, மணி என்ன?’ சொல்லமாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனான். மறுநாள் இடுப்பு உயரக் குச்சி ஒன்றை மைதானத்தில் நட்டு, முகாம் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப் போய் நிழலின் நுனியில் ஒரு கல் வைத்தான். எட்டு மணிக் கல், பத்தரை மணி மோர்க் கல், ஒரு மணிக் கல், நாலு மணிக் கல். ‘காலையில நிழல் ஓடுதுக்கா, மத்தியானம் ஊர்ந்துதான் போகுது’ என்று அவனாகவே கண்டுபிடித்துச் சொன்னான். புதன்கிழமை பன்னிரண்டே காலுக்கு மூச்சிரைக்க வந்தான், ‘அக்கா, நிழலக் காணோம்!’ பெங்களூர்ப் பக்கம் ஏப்ரல் 24ஐ ஒட்டி சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வருகிற நாள் ஒன்று உண்டு, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. அதை அவனிடம் அப்போது சொல்லவில்லை. குச்சி சாய்ந்துவிட்டதா என்று கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தான், வேறு குச்சி நட்டுப் பார்த்தான், கடைசியில் மல்லாந்து படுத்து, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் மேலே பார்க்கப் போனான். அப்போது மட்டும் ஓடிப் போய்த் தடுத்தேன், கண் போய்விடும். ‘அப்ப சூரியன் நேரா மேலதான் இருக்கா?’ என்றான். நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை பஸ் நின்றுகொண்டிருந்தது. போன் பையை அவன் கையில் கொடுத்தேன். உடனே திறக்கவில்லை. குச்சியிடம் போய்ப் பத்தரைக் கல்லுக்கும் ஒரு மணிக் கல்லுக்கும் நடுவில் நிழல் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து, ‘பதினொன்னு அஞ்சு’ என்று சத்தமாகச் சொன்னான். அப்புறம் போனை ஆன் செய்தான். 11:14.

‘ஒம்போது நிமிஷம்தான்க்கா’ என்று கத்திக்கொண்டே பஸ்ஸில் ஏறினான்.