மரணப் படுக்கையருகே வேதம் வாசிக்கும்போது

இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், பெரும்பாலும் பரலோகத்தின் பொன் வீதியையும் முத்து வாசலையும் பற்றிப் பேசுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பவரை அந்த வர்ணனை அவ்வளவாக எட்டாது. தனியாகப் போக வேண்டியிருக்குமோ என்பதே அவருடைய பயம். இந்தப் பயத்துக்கு வேதம் நேரடியாகவே பதில் சொல்கிறது. யோவான் 17:3-ல் நித்திய ஜீவன் என்பது பிதாவையும் அவர் அனுப்பின கிறிஸ்துவையும் அறிவதே. யோவான் 5:24-ல் விசுவாசிக்கிறவனுக்கு நித்திய ஜீவன் 'உண்டு' என்று இருக்கிறது. செத்த பிறகு கிடைக்கும் என்று இல்லை. படுக்கையில் கிடப்பவர் அந்த ஜீவனுக்குள் ஏற்கெனவே இருக்கிறார். ஆறுதலை இங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் 23-ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள், நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பலருக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். பேச்சு நின்றுபோனவர்கள்கூட உதட்டை அசைத்துக் கூடவே சொல்வதுண்டு. அதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் மேய்ப்பர் 'அவர்'. நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று பேச்சு அவரிடமே திரும்பிவிடுகிறது. வாசிக்கும்போது அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அடுத்து யோவான் 14:1-6, ரோமர் 8:38-39. முதலாம் கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் 58 வசனங்கள். முழுவதையும் வாசித்தால் நோயாளி களைத்துப்போவார், 51 முதல் 57 வரை போதும். உடம்பு உருக்குலைந்துபோனதை நினைத்து வெட்கப்படுகிறவருக்கு மட்டும் 42-44-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அழிவுள்ளதாய் விதைக்கப்படுகிற இந்த உடம்பே அழிவில்லாததாய் எழுந்திருக்கும் என்கிறார் பவுல். விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவதும் சரீரம் உயிர்த்தெழுதலைத்தான். இந்த உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆத்துமா தப்பித்துப்போவதைக் கிறிஸ்தவ நம்பிக்கை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது அரைகுறைப் புரிதல்.

அவர் எந்த மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தாரோ அதையே எடுங்கள். 'நித்திய ஜீவன்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'நிலைவாழ்வு' அந்நியமாக ஒலிக்கும்; கத்தோலிக்க வீட்டில் அப்படியே நேர்மாறு. காதுக்கருகே, தாழ்ந்த குரலில், ஒரு வேளைக்கு ஒரே பகுதி. ஃபேன் சத்தம் அதிகமானால் குறையுங்கள், டி.வி.யை நிறுத்துங்கள். கண் திறக்காதவரும் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கச் செலவையும் சொத்துப் பேச்சையும் அவர் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்துப் பேர் சுற்றி நின்று உரக்கப் பாடினால் அறையே மூச்சு முட்டும். இரண்டு பேர், ஒரு பாமாலை, அதில் இரண்டு சரணம் போதும். இதைவிடக் கொடுமை, 'விசுவாசித்தால் எழுந்து நடப்பீர்கள்' என்று வாக்குக் கொடுப்பது. சுகம் வராதபோது நோயாளி தன் விசுவாசத்தையே சந்தேகித்துக்கொண்டு சாகிறார். சுகத்துக்காக ஜெபியுங்கள், தடையில்லை. ஆனால் அதை அவர் விசுவாசத்துக்குப் பரீட்சையாக்காதீர்கள்.

பயப்படுவதும் அவிசுவாசம் ஆகாது. கெத்செமனேயில் இயேசுவே தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருப்பதாகச் சொல்லி, சீஷர்களைக் கூட இருக்கச் சொன்னார். அழுகிற பிள்ளைகளிடம் சிலர் 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டி வாயை அடைக்கிறார்கள். அங்கே பவுல் அழாதே என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்காதிருங்கள் என்கிறார். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

பல வீடுகளில் சமாதானத்தைத் தடுப்பது பயம்கூட இல்லை, பழைய பகை. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள். நோயாளிக்குப் பேச முடிகிறபோதே 'யாரையாவது பார்க்கணுமா?' என்று கேளுங்கள். பதில் உடனே வராது. மறுநாளும் கேளுங்கள். நேரில் வர முடியாதவரிடமிருந்து ஒரு போன் அழைப்பு வந்தாலும் போதும்.

சபைப் போதகரான ஐயரையோ, கத்தோலிக்க வீடானால் ஃபாதரையோ அழைப்பதிலும் தாமதம் கூடாது. கத்தோலிக்கரிடையே, ஃபாதர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்குக்கு 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழைய பெயர் பதிந்துபோனதால், அவரைக் கூப்பிட்டாலே சாவு உறுதி என்று பயந்து கடைசி மணிவரை தள்ளிப்போடுகிறார்கள். 1972-இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் திருத்திய சடங்குமுறையில் அது நோயில்பூசுதல். நோய் கடுமையானதுமே கேட்கலாம். திருவிருந்துக்கும் நினைவு தெளிவாக இருக்க வேண்டும், விழுங்க முடிய வேண்டும். விழுங்கக் கஷ்டமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அப்பத்தைச் சிறு துணுக்காகக் கொடுப்பார்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறும். ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும்.

கடைசி மணிகளில் மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் சளி கரகரக்கும். விழுங்க முடியாமல் தங்கும் சளிதான் அது. பார்க்கிறவர்களுக்கு இருக்கும் வேதனை பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை. குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவைத்தால் அலறல் குறையும். அந்த நேரத்தில் நீண்ட வாசிப்பு வேண்டாம். 'உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்' என்ற சங்கீதம் 31:5 போதும். இயேசு சிலுவையில் சொன்னது அதைத்தான். சுகமாயிருக்கும் காலத்திலேயே இரவு விளக்கணைத்ததும் இதைச் சொல்லிப் பழகியவருக்கு அன்றைக்கு அது புது ஜெபமாக இருக்காது.

மூச்சு நின்றதும் உடனே போனை எடுக்காதீர்கள். கையைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் இருங்கள். பிறகு யாராவது ஒருவர், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி இனி நிம்மதியாகப் போகலாம் என்ற சிமியோனின் வார்த்தைகளை, லூக்கா 2:29-லிருந்து 32 வரை, மெதுவாக வாசிக்கட்டும். உறவுக்காரர்களுக்கு அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.