மூன்றாவது பின்

கோவையிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளம்பியபோது பெட்டியின் எடையில் பெரும்பங்கைக் கிரைண்டரே தின்றுவிட்டது. இரண்டு லிட்டர் டேபிள் டாப். டிரம்மைத் துண்டில் சுற்றி, கல்லை ஸ்வெட்டருக்குள் வைத்து, மோட்டார் பகுதியை நடுவில் உட்காரவைத்து அம்மா கட்டிக்கொடுத்தார். வோல்டேஜ் பற்றி முன்பே விசாரித்திருந்தேன். ஜெர்மனியிலும் நம் ஊர் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் பாடு வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸியை மூட்டை கட்டிவைத்துவிட்டு, 110 வோல்ட்டுக்கென்றே செய்த ஒன்றைத் தனியாக வாங்கினான். எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன், சமையலறைச் சுவரைப் பார்க்கும்வரை.

பணியாரச் சட்டியின் ஒரு குழியைப் பெயர்த்துச் சுவரில் பதித்தது போல ஒரு வட்டப் பள்ளம். அடியில் இரண்டு ஓட்டை. பக்கத்தில் சுவிட்ச் இல்லை. நம் ஊரில் சுவிட்ச் இல்லாத பாயிண்ட்டைப் பார்த்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று நினைப்போம். இங்கே எப்போதும் உயிரோடுதான் இருக்கும். செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். இதன் பெயர் ஷூகோ. எர்த் எங்கே என்று தேடினால், பள்ளத்தின் இரு விளிம்பிலும் சின்ன உலோக நாக்குகள். பிளக் உள்ளே போகும்போது முதலில் தொடுவது அவற்றைத்தான்.

நம் ஊர் 6 ஆம்ஸ் பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே 19 மில்லிமீட்டர். ஷூகோவிலும் அதே 19. பருமனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடிப்பது அந்தத் தடித்த மூன்றாவது பின் மட்டும். “அதை அறுத்து எறிந்துவிடு” என்றார் கூட வேலை பார்க்கும் ஒருவர். அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டரைப் போட்டேன். மூன்று பின்னும் அழகாக இறங்கின. மாவும் ஆட்டியாகிவிட்டது.

மூன்றாம் வாரம் டிரம்மைத் துடைக்கும்போது விரலில் சுருக்கென்று ஏதோ ஓடியது. குளிர்காலத்தில் கார் கதவைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் ஊர் இது. அந்த மாதிரிதான் என்று விட்டேன். மறுமுறையும் அதே இடத்தில், அதே சுருக். மாமாவுக்கு போன் போட்டேன். பீளமேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர்.

“ஏங் கண்ணு, அடாப்டர்ல எர்த்து வருதான்னு பாத்தியா?”

திருப்பிப் பார்த்தேன். எர்த் பின்னுக்கு ஓட்டை இருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. சும்மா ஒரு ஓட்டை! மரத்தரையில் காலுறையோடு நின்றதால்தான் சுருக்கோடு போயிற்று என்றார் மாமா. ஊரில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால்?

மறுநாளே ஹார்டுவேர் கடையில் ஷூகோ பிளக் வாங்கி, பழையதை வெட்டிவிட்டு மாட்டினேன். ஷூகோவை எந்தப் பக்கம் திருப்பியும் செருகலாம் என்பதால் பழுப்பும் நீலமும் எந்தப் பின்னுக்குப் போனாலும் ஒன்றுதான். பச்சை மஞ்சள் மட்டும் எர்த்துக்குப் போக வேண்டும். மாட்டிச் செருகினேன். மொத்த வீடும் இருண்டது.

கரண்டை இப்படி வெட்டியதைத்தான் இங்கே எஃப்ஐ சுவிட்ச் என்கிறார்கள். 30 மில்லி ஆம்ஸ் கசிந்தால் போதும், வெட்டிவிடும். கிரைண்டரில் கசிவு முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அடாப்டரில் எர்த் இல்லாததால் அதற்குப் போக வழியில்லை. என் விரலுக்காகக் காத்திருந்திருக்கிறது. “மாவுத் தண்ணி மோட்டாருக்குள்ள எறங்கியிருக்கும். ரெண்டு நாளு வெயில்ல வையி” என்றார் மாமா. டிசம்பர் மாத ஸ்டுட்கார்ட்டில் வெயிலுக்கு எங்கே போக? ஹீட்டர் பக்கத்தில் ஐந்து நாள் வைத்தேன். ஆறாம் நாள் எஃப்ஐ அசையவில்லை.

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் எர்த்தைத்தான் தேடுகிறது. பிரான்சில் எர்த் பின் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் வாங்கிய பிளக்கில் அதற்கென்று ஒரு ஓட்டை இருந்ததன் காரணம் அங்கேதான் புரிந்தது. சுவிட்சர்லாந்தில் மூன்று மெல்லிய பின்கள், ஷூகோ நுழையாது. டென்மார்க்கில் சாக்கெட் சிரித்த முகம் போல இருக்கும். நம்பிவிடாதீர்கள். ஷூகோ பிளக் அந்தப் பழைய சாக்கெட்டில் சிரமமில்லாமல் இறங்கும், வேலையும் செய்யும், எர்த் மட்டும் சேராது. என் அடாப்டரின் பெரியண்ணன்.

பிறகு வேலை மாறி மான்செஸ்டர். நம் ஊர் உருண்டைப் பின் பிரிட்டிஷ்காரர்கள் கொடுத்ததுதானே, அவர்கள் வீட்டில் பொருந்தும் என்று பார்த்தால், அவர்கள் அதை எப்போதோ கைவிட்டிருக்கிறார்கள். போர் முடிந்து, செம்பு தட்டுப்பாடான காலம். வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக வயர் இழுத்தார்கள். வளையத்துக்கு 30 ஆம்ஸ் காப்பு என்றால், அதில் செருகும் சாமானின் மெல்லிய வயருக்கு யார் காப்பு? அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ். 1947இல் வந்த அந்தச் சதுரப் பின் பிளக்தான் இன்றும். பழைய 15 ஆம்ஸ் உருண்டைப் பின்னை நாடக மேடை விளக்குகளுக்கு இன்னும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே எர்த் பின்தான் சாவி. நீளமான அது முதலில் நுழைந்து உள்ளே கதவைத் திறந்தால்தான் மற்ற இரண்டுக்கும் வழி. ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் டூ பின் சார்ஜரைச் செருக, எர்த் ஓட்டையில் ஸ்பூன் காம்பை விட்டு நெம்பிக்கொண்டிருந்தான். தீக்குச்சியை வைத்து வயரைச் சொருகி டேபிள் ஃபேன் ஓட்டிய ஊர்க்காரன், நான் என்ன சொல்ல? அடாப்டர் ஒன்றை, பின்பக்கம் பார்த்துவிட்டு, வாங்கிக் கொடுத்தேன்.

கிரைண்டருக்கு இரண்டாவது முறையாகப் பிளக் மாற்றினேன். இங்கே திருப்பிப் போட முடியாது. பழுப்பு ஃபியூஸ் பக்கம்தான். எர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும், யாராவது இழுத்தால் அது கடைசியில் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று. மாமாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“உள்ள ஃபியூசு எத்தன?”

“13, மாமா.”

“150 வாட்ஸ் மோட்டாருக்கு 13ஆ? வயரு வெந்தாலும் அது போகாது கண்ணு.”

அரிசியை ஊறவிட்டு, 3 ஆம்ஸ் ஃபியூஸ் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.